கூடிக் கணிக்கும் பொறிகள்

சந்தையில் மட்குடம் வாங்கச் செல்வோர், குடத்தை விரலால் தட்டி ஒலி கேட்டு, அதில் கீறல் இல்லை என்று தெளிந்த பின்னரே விலை பேசுவர். கயிறு வாங்குவோர் அதனை இழுத்துப் பார்ப்பர். கட்டில் வாங்குவோர் அதன்மேல் அமர்ந்து பார்ப்பர். சிறு பொருள்களை இவ்வாறு சோதித்தல் எளிது. சோதனையில் ஒரு குடம் உடைந்தாலும் பேரிழப்பு நேர்ந்துவிடாது. ஆனால், ஆற்றின் குறுக்கே எழுப்பப்பெறும் அணையை எவ்வாறு தட்டிப் பார்ப்பது? முந்நூறு பேரைச் சுமந்து செல்லவேண்டிய விமானம் எத்தகைய புயலில் நிலைகுலையும் என்பதை, அவர்களை ஏற்றிப் பறக்கவிட்டா அறிவது? கட்டி முடித்த பின்னர்த் தெரியவரும் பிழை, உயிரையும் பொருளையும் ஒருங்கே கவர்ந்து செல்லும் பிழையாகிவிடலாம் அன்றோ?

ஆதலின், பொறியியல் அறிஞர் தாம் படைக்க எண்ணும் பொருளைக் கல்லாலும் இரும்பாலும் ஆக்குமுன், எண்களால் ஆக்கிப் பார்க்கின்றனர். இதனை எண் மாதிரி என்று கூறலாம். மண்ணாலும் மரத்தாலும் மாதிரி செய்து பார்க்கும் வழக்கம் முற்காலத்திலும் உண்டு. எண் மாதிரியோ கணிப்பொறியின் நினைவகத்தில் மட்டுமே நிற்பது. அதன்மீது புயலை வீசச் செய்யலாம், நிலநடுக்கத்தை ஏவலாம், நூறு முறை உடைத்து, நூறு முறை மீண்டும் கட்டலாம். எவர்க்கும் தீங்கில்லை. எனினும், அம்மாதிரி உண்மைப் பொருளோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திராவிடின் விளைவது யாது என்பதை நார்வே நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குக் காட்டும்.

நார்வேக்கு மேற்கே, வடகடலின் அடியில் எண்ணெயும் எரிவளியும் கிடைக்கின்றன. அவற்றை எடுப்பதற்குக் கடல் நடுவே பெரிய மேடைகளை நிறுத்துவர். ஸ்லைப்னர் என்னும் பகுதியில் கடலின் ஆழம் 82 மீட்டர். அங்கு நிறுத்துவதற்குத் திட்டமிட்ட மேடையின் மேற்றளம் 57,000 டன் எடையுள்ளது. ஏறத்தாழ 200 பேர் தங்குவதற்கு இடம் தருவது. அதனைத் தாங்குவதற்காக, 24 அறைகள் நெருங்கி நிற்கும் ஒரு கான்கிரீட் அடித்தளத்தைக் கட்டினர். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள், ஸ்டவாங்கர் நகருக்கு அருகிலுள்ள ஆழ்ந்த கடற்கழியில் அவ்வடித்தளத்தைச் சிறிது சிறிதாக நீரில் அமிழ்த்தினர். மேற்றளத்தைப் பொருத்துவதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தம் அது. ஏறத்தாழ 65 மீட்டர் நீராழத்தின் அழுத்தம் தாக்கியபோது உள்ளே பேரொலி எழுந்தது. சுவர் ஒன்று பிளந்து கடல்நீர் பாய்ந்தது. இறைக்கும் பம்புகளால் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. அங்கிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். ஆனால், அரிதின் முயன்று எழுப்பிய அப்பெருங் கட்டடம் மூழ்கி நொறுங்கிக் கடலடியில் சிதறியது. அவ்வதிர்ச்சி நிலநடுக்கம் அறியும் கருவிகளிலும் பதிந்தது. ஏறத்தாழ 70 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டனர்.

இவ்வாறு நேர்ந்தது ஏன்? இதனை அறிய, எண் மாதிரி எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு பெரிய சுவரின் ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு விசை தாக்குகிறது என்பதை ஒரே சூத்திரத்தால் கண்டுவிட முடியாது. வடிவம் சற்றே சிக்கலானாலும் சூத்திரம் கைவிட்டுவிடும். ஆதலின், அச்சுவரைக் கற்பனையால் சிறு சிறு கூறுகளாக வெட்டுவர். ஒவ்வொரு கூறும் செங்கல்லைப் போல எளிய வடிவம் உடையது. அதற்குரிய கணக்கும் எளியது. ஒரு கூறு தன் அண்டைக் கூறுகளை எவ்வளவு தள்ளுகிறது, அவை அதனை எவ்வளவு தள்ளுகின்றன என்று எழுதிக்கொண்டே போனால், எல்லாக் கூறுகளையும் பிணைக்கும் சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றை ஒருங்கே தீர்த்தால் முழுச் சுவரின் நிலையும் புலனாகும். இதற்கு வரையுறு கூறு முறை என்பது பெயர். அப்பெயரை 1960-ஆம் ஆண்டில் இட்டவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே கிளஃப் என்பவர்.

ஸ்லைப்னர் அடித்தளத்தையும் இம்முறையாலேயே கணித்திருந்தனர். ஆயின், அறைகளின் சுவர்கள் கூடும் முக்கோண மூலைகளில் வகுத்த கூறுகள் பெரியனவாகவும் கோணலாகவும் இருந்தன. விசை மிக விரைவாக மாறும் இடங்கள் அவையே. பெரிய கண்களையுடைய வலையில் சிறு மீன் தப்பிவிடுவது போல, அங்கிருந்த விசையின் ஒரு பெரும் பங்கு கணக்கில் சிக்காமல் தப்பிவிட்டது. சுவரைத் துணிக்கக்கூடிய விசை, உண்மையில் இருந்ததில் பாதிக்குச் சற்று மிகுந்த அளவாகவே விடையில் தோன்றியது. அவ்விடத்தில் வைத்த இரும்புக் கம்பிகளும் போதிய பிடிப்பின்றி அமைந்தன. விபத்துக்குப் பின், மேலும் செம்மையான கூறுகளைக் கொண்டு மீண்டும் கணித்தனர். 62 மீட்டர் ஆழத்தில் சுவர் பிளக்கும் என்றது புதிய கணக்கு. உண்மையில் அது பிளந்தது 65 மீட்டரில்! சரியாக வகுத்த கணக்கு எத்துணை நெருங்கி வருகிறது, பாருங்கள். ஆனால், அது காலம் கடந்து வந்த விடை.

“அவ்வாறாயின், எல்லாவற்றையும் மிகச் சிறிய கூறுகளாக வெட்டிவிட்டால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். தடையாக நிற்பது கணக்கின் பெருக்கமே. ஒரு கனசதுரத்தைப் பக்கத்திற்கு 10 கூறுகளாக வெட்டினால் 1,000 கூறுகள் கிடைக்கும். கூற்றின் நீளத்தைப் பாதியாக்கினால் அவை 8,000 ஆகும். மீண்டும் பாதியாக்கினால் 64,000 ஆகும். காற்றோட்டம், மோதல் முதலியவற்றைக் கணிக்கும்போது காலத்தையும் சிறு சிறு படிகளாகப் பிரித்தல் வேண்டும். கூறு சிறுத்தால், பெரும்பாலும் காலப்படியும் உடன் சிறுக்க வேண்டும். எனவே, நீளத்தை ஒரு முறை பாதியாக்கினால் வேலை 16 மடங்காகிறது. 1 மணி நேரத்தில் முடிந்த கணக்கு 16 மணி நேரம் கொள்ளும்; மறுமுறை பாதியாக்கினால் 256 மணி நேரம்; மூன்றாம் முறையில் 4,096 மணி நேரம், அஃதாவது ஐந்தரைத் திங்களுக்கு மேல். அதுவரை அணையைக் கட்டுவோர் காத்திருப்பரோ?

இதற்கு ஒரு வழி, கணிப்பொறியின் விரைவைக் கூட்டுதல். பல ஆண்டுகள் அவ்வாறே விரைவு வளர்ந்து வந்தது. ஆனால், செயலியின் துடிப்பு விரைய விரைய அதில் எழும் வெப்பமும் மிகும். 2005-ஆம் ஆண்டையொட்டி அவ்வளர்ச்சி பெரிதும் தளர்ந்துவிட்டது. மற்றொரு வழி, வேலையைப் பலர்க்குப் பகிர்ந்தளித்தல். பத்து ஏக்கர் வயலில் ஒருவரே நாற்று நட்டால், கடைசி மூலையை நடுமுன் முதல் மூலையில் கதிர் வந்துவிடும். ஐம்பது பேர் வரிசையாக இறங்கினால் வேலை விரைவில் முடியும். இவ்வாறே, ஒரு பெருங் கணக்கைப் பல செயலிகள் ஒரே காலத்தில் பகிர்ந்து செய்தலை இணைக் கணிப்பு என்பர். இன்று நாம் கையில் வைத்திருக்கும் கைப்பேசியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கூறுகள் கூடியே வேலை செய்கின்றன.

மின்னணுக் கணிப்பொறி தோன்றுமுன்பே இவ்வெண்ணம் ஒருவர் உள்ளத்தில் அரும்பியது வியப்பிற்குரியது. அவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர். முதல் உலகப் போரின்போது, பிரான்சு நாட்டில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டித் தொண்டு செய்துவந்த அவர், ஓய்வு நேரத்தில் வானிலையைக் கணக்கிட்டுக் காண முயன்றார். 6 மணி நேர மாறுதலைக் கையால் கணிப்பதற்கு அவர்க்கு ஏறத்தாழ 6 வாரம் ஆயிற்று. விடையும் தவறாகவே வந்தது. அவரோ சோர்ந்துவிடவில்லை. தம் முறையையும் தம் பிழையையும் மறைக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் ஒரு கனவையும் வரைந்து காட்டினார்.

மாபெரும் உருண்டை மண்டபம் ஒன்று. அதன் உட்சுவர் முழுவதும் உலகப் படம். அப்படத்தின் பகுதிதோறும் அமர்ந்து கணக்கிடும் மனிதர் 64,000 பேர். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியின் கணக்கை மட்டும் செய்வர். அவரவர் கண்ட எண்களை அண்டையிலுள்ளோர் பார்க்குமாறு பலகையில் காட்டுவர். மண்டபத்தின் நடுவே உயர்ந்த தூணின்மேல் தலைவர் ஒருவர் நிற்பார். முந்தி ஓடும் பகுதியின்மீது அவர் இளஞ்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார். பிந்தி நிற்கும் பகுதியின்மீது நீல ஒளியைப் பாய்ச்சுவார். ரிச்சர்ட்சன் கண்ட அம்மண்டபம் எழவே இல்லை. ஆனால், இன்றைய பெருங் கணிப்பொறிகள் இயங்கும் முறை அம்மண்டபத்தின் முறையே ஆகும்.

அவர் அண்டையார்க்குப் பலகை வைத்தது ஏன்? ஒரு கூற்றின் நிலை அதன் அண்டைக் கூறுகளின் நிலையைப் பொறுத்தது. சுவரை நான்காக வெட்டி நான்கு செயலிகளிடம் கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் பகுதியின் உட்புறத்தைத் தானே கணிக்கும். எல்லையில் உள்ள கூறுகளுக்கோ மறுபுறத்து எண்கள் தேவை. ஆதலின், ஒவ்வொரு படியிலும் செயலிகள் தம் எல்லை எண்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள வேண்டும். வேலையைப் பிரிக்கலாம், சுவரில் ஓடும் விசையைப் பிரிக்க முடியாது. எல்லைச் செய்தி ஒன்று பிழைபட்டாலும், முழு விடையும் பிழைபடும்.

இச்செய்திப் போக்குவரவுக்கும் காலம் வேண்டும். நிலத்தைச் சிறு துண்டுகளாக்கினால் வரப்பே இடத்தை விழுங்கிவிடும் என்பதை உழவர் அறிவர். பக்கத்திற்கு 100 வீதம் 10,000 கட்டங்கள் உள்ள ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு செயலிகளுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் 2,500 கட்டங்களைப் பெறும். அவற்றுள் ஓரத்தில் இருப்பவை 196. நூறு செயலிகளுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் 100 கட்டங்களைப் பெறும். அவற்றுள் 36 ஓரத்தில் இருக்கும். 2,500 செயலிகளுக்குப் பிரித்தாலோ, ஆளுக்கு 4 கட்டங்கள். அந்நான்கும் ஓரக் கட்டங்களே! அப்போது கணிக்கும் நேரத்தினும் செய்தி அனுப்பும் நேரமே மிகுந்துவிடும். செயலிகளைக் கூட்டிக்கொண்டே போனால் விரைவும் கூடிக்கொண்டே போகும் என்பது உண்மையன்று.

தலைவர் கையில் இரு நிற ஒளி இருந்தது ஏன்? ஒரு படியின் எல்லை எண்கள் எல்லாம் வந்து சேர்ந்த பின்னரே அடுத்த படியைத் தொடங்க இயலும். ஆயிரம் செயலிகளுள் ஒன்று பிந்தினாலும் மற்றவை வாளா காத்து நிற்கும். மோட்டார் வண்டி ஒன்று சுவரில் மோதுவதைக் கணிப்பதாகக் கொள்வோம். வண்டியின் முன்புறம் மடிந்து நசுங்குகிறது. தகட்டோடு தகடு உரசுகிறது. அங்குக் கணக்கு மிகுதி. பின்புறத்திலோ பெரிய மாறுதல் இல்லை. வண்டியைச் சம நீளமாக வெட்டிக் கொடுத்தால், முன்புறத்தைப் பெற்ற செயலி திணறும். பின்புறத்தைப் பெற்றது சும்மா இருக்கும். ஆகவே, இடத்தைச் சமமாகப் பிரித்தால் போதாது. உழைப்பைச் சமமாகப் பிரித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் செம்மையாகச் செய்தாலும், பகிர முடியாத வேலை சிறிதேனும் எஞ்சியிருக்கும். விருந்துக்குக் காய் நறுக்குவதற்கு இருபது பேர் உதவலாம். இருபது பேர் சூழ்ந்து நின்றாலும் உலையிலிட்ட அரிசி தனக்குரிய நேரத்திலேயே வேகும். ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் இக்கருத்தை 1967-இல் வலியுறுத்தினார். 20 மணி நேர வேலையில் 1 மணி நேர வேலை பகிர முடியாதது எனின், எத்தனை இலட்சம் செயலிகளைச் சேர்த்தாலும் அந்த 1 மணி நேரம் குறையாது. எனவே, 20 மடங்கு விரைவைக் கடக்க இயலாது. இக்கணக்கில் குற்றம் காண்பதற்கில்லை. ஆதலின், நூற்றுக்கணக்கான செயலிகளைச் சேர்ப்பதால் பயன் யாது என்று பலரும் ஐயுற்றனர்.

1985-ஆம் ஆண்டில் ஆலன் கார்ப் என்பவர் ஓர் அறைகூவல் விடுத்தார். மெய்யான ஒரு கணக்கில் 200 மடங்கு விரைவைக் காட்டுவோர்க்கு 100 டாலர் பரிசு அளிப்பதாகக் கூறினார். அதற்குப் பத்தாண்டுக் கெடுவும் தந்தார். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கஸ்டாஃப்சன், கேரி மான்ட்ரி, ராபர்ட் பென்னர் ஆகிய மூவரும் 1,024 செயலிகள் உள்ள பொறியில் முயன்றனர். உத்திரத்தின் வளைவு, அலையின் இயக்கம், பாய்பொருளின் ஓட்டம் என்னும் மூன்று கணக்குகளை எடுத்துக்கொண்டனர். அளவு மாறாத கணக்குகளிலேயே 500 மடங்குக்கு மேற்பட்ட விரைவைக் கண்டனர். செயலிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கையும் பெரிதாக்கியபோது விரைவு 1,000 மடங்கைக் கடந்தது. 1988-இல் இச்செய்தி வெளியாயிற்று. பத்தாண்டுக் கெடு மூன்றாண்டிலேயே முடிந்தது.

அம்டால் கூறியது பொய்யோ எனின், அன்று. அவர் கணக்கின் அளவு மாறாது என்று கொண்டார். பொறியியல் அறிஞரோ பெரிய பொறி கிடைத்தால், பழைய கணக்கை நொடியில் முடித்துவிட்டு ஓய்வதில்லை. அதே நேரத்தில் மேலும் நுண்ணிய கணக்கைச் செய்வர். அவ்வாறு கணக்கு வளரும்போது, பகிரக்கூடிய பகுதியே வளர்கிறது; பகிர முடியாத பகுதி பெரும்பாலும் வளர்வதில்லை. கஸ்டாஃப்சன் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். பலர் கூடுவதன் பயன், அதே வேலையை விரைவில் முடிப்பது மட்டுமன்று. ஒருவரால் இயலாத வேலையை இயலச் செய்வதும் ஆகும்.

நம் நாடும் இத்துறையில் காலத்தே அடியெடுத்து வைத்தது. பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தார், காற்றோட்டக் கணக்குகளைத் தீர்ப்பதற்கென 1986-இல் ஃபுளோசால்வர் என்னும் இணைக் கணிப்பொறியை உருவாக்கினர். வெளிநாட்டுப் பெருங் கணிப்பொறிகளை விரும்பியவாறு வாங்குவதற்குத் தடைகள் இருந்த காலம் அது. 1988-இல் புனே நகரில் தோன்றிய சி-டாக் நிறுவனம், 1991-இல் பரம் 8000 என்னும் பொறியைப் படைத்தது. அவ்வழியில் வந்த பரம் பொருள் என்னும் பொறி, 2022-இல் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்றது. அதன் உச்சத் திறன், ஒரு நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். அதே 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் என்னும் பொறி, நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழிகள் இட்ட எண்ணிக்கையைக் கடந்தது. அதனுள் 37,000-க்கும் மேற்பட்ட வரைவியல் செயலிகள் ஒன்றுகூடி உழைக்கின்றன. விமான எந்திரத்தின் விசிறியைச் சூழ்ந்து காற்று சுழலும் வகையை அப்பொறியில் கணித்து வருகின்றனர்.

இத்துணைப் பெரிய பொறிகள் இருக்கும்போது இனிப் பிழையே நேராது என்று எண்ணிவிடலாமா? ஸ்லைப்னர் நிகழ்ச்சியின் பிற்பகுதியையும் கேளுங்கள். மூழ்கிய அடித்தளத்திற்கு ஈடாக மற்றொன்றை விரைந்து கட்டவேண்டியிருந்தது. கணிப்பொறியின் புதிய விடைகள் வருவதற்குக் காலம் பிடிக்கும். ஆதலின், இருபது ஆண்டுகளுக்கு முன் தொடக்க கால மேடைகளுக்குப் பயன்படுத்திய எளிய முறைகளைக் கொண்டு, பொறியாளர் கையாலேயே கணக்கிட்டு வடிவமைத்தனர். கணிப்பொறியின் விடைகள் வந்து சேர்ந்தபோது, வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது. 1993-ஆம் ஆண்டில் புதிய அடித்தளத்தின்மீது மேற்றளத்தைப் பொருத்தினர். இம்முறை அது தாங்கியது.

இதனால் கணிப்பொறி வேண்டா என்பது கருத்தன்று. ஆயிரம் செயலிகள் கூடினாலும், தமக்குக் கொடுத்த கூறுகளையே அவை கணிக்கும். கூறுகளை வகுத்தது சரிதானா என்று அவை தாமாக ஐயுறா. எவ்விடத்தில் விசை திரளும், எவ்விடத்தில் வலையின் கண் நெருங்க வேண்டும், வந்த விடை நம்பத் தக்கதா என்று கேட்பது மனிதன் கடமை. கையால் போட்ட சிறு கணக்கு ஒன்று, பெரும்பொறியின் விடையைத் தட்டிப் பார்க்கும் விரலாக அமையும். குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய நம் முன்னோர் வழக்கம், கோடி கோடிக் கணக்குகளை நொடியில் முடிக்கும் இக்காலத்திற்கும் வேண்டியதே ஆகும்.